உட்காராத கால்

இலஞ்சியத்தை அவளுடைய அண்ணன் வேதரத்தினம் வீட்டோடு இருக்கச் சொன்ன மறுநாள் காலை, நீர் வடிந்த சேற்றில், அலையாத்திக் காட்டுச் சுற்றுப்பாதையின் முதல் வளைவில், அவளுடைய கால்தடம் ஆளில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்ததை நண்டுக்குப் போன பெண்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, இவள் இவ்வளவு காலையில் எங்கே கிளம்பிவிட்டாள் என்று பேசிக்கொண்டே தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆளைக் காணோமே என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தில்லைத்திடலில் யாரும் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியே எங்களுக்கு வாய் வலித்துவிட்டது. மூன்று பக்கம் சேறும் ஒரு பக்கம் தார் ரோடுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. எதிரே வருகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அவர் வந்த வழியைப் பார்ப்போம். பெண் பார்க்கப் போனால் பெண்ணை ஈர மண்ணில் நடக்கவிட்டு, அவள் உள்ளே போன பிறகு தடத்தைச் சுற்றி உட்கார்ந்துதான் பேச்சை ஆரம்பிப்போம். துபாய்க்குப் போன பிள்ளை செல்போனில் முகத்தைக் காட்டினால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, தடத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அவனுடைய அம்மா மூக்கைச் சிந்துவாள். செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறவனை, முகத்தை மூடிக்கொண்டு வருகிறவனாகவே நினைப்போம். முகம் சிரித்துக்கொண்டே பொய் சொல்லும், குதிகாலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது எங்கள் கட்சி.

இலஞ்சியத்தின் தடம் ஊருக்கே தெரிந்த தடம். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், குதிகால் மண்ணில் பட்டும் படாமலும் இருக்கும், முன்பாதம் மட்டும் அழுந்தியிருக்கும். சும்மா நின்ற இடத்தில்கூட இப்போதுதான் கிளம்பப் போகிறவளின் தடத்தைத்தான் விட்டுவிட்டுப் போவாள்.

அந்தத் தடம் காட்டில் நடக்கத் தொடங்கிய அதே நாளில், வீட்டில், அவளுடைய அண்ணி தையல்நாயகி சாணம் மெழுகிய ஈரத் தரையில் இலஞ்சியம் குறுக்கே நடந்து போவதைப் பார்த்துவிட்டு, ஏண்டி காய்ந்த பிறகு நடக்கக் கூடாதா என்று திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடவும் செய்தாள், ஏனென்றால் தரை மெழுகியது மெழுகியபடியே இருந்தது. இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள். இலஞ்சியம் நடந்தாள். ஒரு விரல்கூடப் பதியவில்லை. தையல்நாயகிக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதிதான். இனிமேல் தரை காய்கிற வரைக்கும் இவளை ஓரமாக நிற்கவைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை.

வீட்டோடு இருக்கச் சொன்னதற்கு என்ன காரணம் என்றால், காரணம் அந்தச் சுற்றுப்பாதைதான். சில வருஷங்களுக்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் வந்து, நாங்கள் காலம் காலமாக நண்டுக்கும் விறகுக்கும் போய்வந்த வழிகளை ஒன்றோடு ஒன்று முடிந்து, காவல் கோபுரத்தில் கிளம்பி, ஓடையைத் தாண்டி, தில்லை மரக் கூட்டத்துக்குள் நுழைந்து, கழிமுகத்தைத் தொட்டு, மரப்பாலத்தின் வழியாகத் திரும்பக் கோபுரத்துக்கே வந்து சேர்கிற மாதிரி ஒரு பாதையைப் போட்டார்கள். நுழைகிற இடத்தில் நடுத்தரக் கடினம் என்று ஒரு பலகையும் வைத்தார்கள். எந்த ஊர் நடுத்தரம் என்று நாங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டார்கள், ஆனால் சிரிக்கவில்லை.

அவர்களைக் கூட்டிப்போகிற வேலைக்கு இலஞ்சியம் சேர்ந்தாள். வெறுங்காலோடு முன்னால் நடப்பாள். மூச்சு வேர்கள் ஆணி ஆணியாக நிற்கிற இடத்திலும், சேற்றுக்கடியில் ஆளிச் சிப்பி கத்தி மாதிரிப் படுத்திருக்கிற இடத்திலும், எங்கே வைத்தால் கால் நிற்கும் என்பது அவளுடைய காலுக்குத் தெரியும். வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான், செருப்பைக் கழட்டிவிட்டு என் தடத்தில் காலை வையுங்கள், வேறு எங்கேயும் வைக்காதீர்கள். டாக்டரும் வக்கீலும் கேமராக்காரர்களும் அவளுடைய தடத்துக்குள் தங்கள் காலை வைத்து வைத்து நடந்தார்கள், தண்ணீர் வலக்கைப் பக்கம் இருக்கும்படியே எப்போதும் சுற்றினார்கள், மறுபக்கமாகச் சுற்ற யாருக்கும் தோன்றியதில்லை. சுற்றி முடித்துக் கோபுரத்தடியில் எல்லோரும் விழுந்து கிடக்கும்போது இலஞ்சியம் மட்டும் நின்றுகொண்டு, இன்னொரு சுற்றுப் போவோமா என்பாள்.

பட்டுக்கோட்டைக்கு மேற்கே ஒரு செம்மண் ஊரில், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். முப்பத்தைந்தை நெருங்குகிறவளுக்கு அதுவே பெரிது என்று வேதரத்தினம் நினைத்தான். வந்தவர்கள் எல்லாம் பிடித்திருக்கிறது என்றார்கள், காட்டுக்குள் வேற்று ஆம்பிளைகளை அழைத்துக்கொண்டு சுற்றுவதுதான் பேச்சாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது வேதரத்தினம் தங்கையிடம், பேச்சு முடிகிற வரைக்கும் உட்காரு என்றான். வேதரத்தினம் கெட்டவன் இல்லை. தனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்று நிஜமாகவே கவலைப்படுகிறவன்தான், கூடவே, இவள் போய்விட்டால் ஊரார் பங்கு வைத்து நண்டு பிடிக்கிற பங்குச்சேற்றில் இவளுடைய பங்கும் தன்னோடு சேரும் என்பதையும் யோசித்து வைத்திருந்தவன். இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும். இலஞ்சியம் உட்கார்ந்தாள், கால் போய்விட்டது.

தடம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீர் ஏறினால் தண்ணீருக்கடியில் நடந்தது, வடிந்தால் சேற்றில் நடந்தது, மரப்பாலத்துக்கு வந்தால் பலகைமேல் ஈரத்தடமாக நடந்தது. கோபுரத்தில் வேலை பார்க்கிற வாட்சர் தனக்கோடிக்கு ஆரம்பத்தில் பெரிய தலைவலி, ஆறு மணிக்குமேல் காட்டுக்குள் ஆள் நடமாடக் கூடாது என்பது விதி, தடம் ஆளா இல்லையா என்பதற்கு விதியில் இடமில்லை. பாதையின் வாயில் சங்கிலி போட்டுப் பார்த்தான், தடம் சங்கிலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதிந்து போனது. பிறகு ஒரு நாள், வழிகாட்ட ஆளில்லாமல் நின்ற ஒரு கல்லூரிக் கூட்டத்தைப் பார்த்து, அதோ போகிறதல்லவா அதன் பின்னாலேயே போங்கள் என்று சொல்லிவிட்டான். அவர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார்கள். அதிலிருந்து தனக்கோடி நிம்மதியாக டீ குடித்தான். சோறு கேட்காத, லீவு கேட்காத வழிகாட்டி வேறு எந்தக் காட்டில் கிடைக்கும்.

நாங்களும் பழகிக்கொண்டோம். நண்டுக்குப் போகிறவர்கள் எதிரே தடம் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள், என்ன இலஞ்சியம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள், கேட்டால் தடம் ஒரு நொடி நின்று, இடது பாதம் லேசாகத் திரும்பி, மறுபடி போகும். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் அவளுக்கான வெற்றிலை பாக்கைப் பாதையோரம் தடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள், அதை நீர் கொண்டுபோனது. வீட்டில் இருந்த இலஞ்சியத்தை யாரும் அழைக்கவில்லை. இங்கேதான் நாங்கள் வேறு எந்த ஊர்க்காரரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தோம், ஆனால் செய்தபோது அது எங்களுக்கு மிகவும் நியாயமாகத்தான் இருந்தது. கால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் என்று பிறந்ததிலிருந்து நம்பியவர்கள் நாங்கள். கால் காட்டில் இருக்கிறது, அப்படியென்றால் இலஞ்சியம் காட்டில் இருக்கிறாள், வேதரத்தினம் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது என்னவோ அவளிடமிருந்து மிஞ்சியது என்று முடிவுகட்டிவிட்டோம்.

தெருக் குழாயில் அவள் குடத்தை வைத்தால், பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டித் தங்கள் குடத்தை வைத்தார்கள். பகையில்லை, வம்பில்லை, அங்கே யாரும் நிற்பதாக அவர்களுக்குப் படவில்லை. கடையில் அவள் கேட்ட உப்பை எடுத்துக் கொடுக்காமல் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். சொந்த அண்ணிகூடச் சில நாள் சோற்றுத் தட்டை எண்ணும்போது அவளை விட்டுவிட்டு எண்ணினாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்கோ உட்கார முடியவில்லை. கால் துடித்தது. தூங்கும்போதும் தொடை ஆடியது. எழுந்து கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தால் தரை காலைப் பிடிக்கவில்லை, பஞ்சுமேல் நடக்கிறவளைப் போல நடந்தாள், ஒரு அடி எடுத்து வைத்த திருப்தி ஒரு தடவைகூட வரவில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள், பித்த வெடிப்பெல்லாம் மறைந்து, பழைய வெட்டுக்காயங்கள் மறைந்து, பிறந்த குழந்தையின் கால் மாதிரி வழவழவென்று இருந்தது. செம்மண் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கால் மிகவும் பிடித்துப்போனது. அவளுக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

தை பிறந்தது, கால்வைப்பு வந்தது. மழைக்காலம் முடிந்து நீர் மிகவும் வடிகிற ஒரு நாளில், ஊருக்கு முன்னால் இருக்கிற பங்குச்சேற்றில், கரையிலிருந்து கடல் பக்கத்தில் நட்டுவைத்திருக்கிற எல்லைக்கழி வரைக்கும் ஊரில் வயது வந்த ஒவ்வொருவரும் நடப்போம், நடந்த தடத்தை அம்மாக்கண்ணு குனிந்து பார்த்து இன்னாருடையது என்று சொல்லுவாள். சொல்லிவிட்டால் அந்த வருஷம் முழுக்க அந்தச் சேற்றில் அவருக்கு நண்டு பிடிக்கும் உரிமை, தடம் வைக்காதவருக்கு இல்லை, வைக்காதவரின் பங்கு அந்த வீட்டில் வைத்தவருக்குப் போகும். அம்மாக்கண்ணு நண்டு வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவள், வாய் நீளம், ஆனால் தடத்தில் ஒரு நாளும் ஓரம் சொன்னதில்லை.

கால்வைப்புக்கு முதல் நாள் ஊர் கூடியபோது இலஞ்சியம் வந்து நடுவில் நின்றாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நான் கால்வைப்பேன் என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அம்மாக்கண்ணு திரும்பினாள்.

"நான் இஞ்சதான் நிக்கிறேன் அம்மாக்கண்ணு அக்கா. பேரு சொல்லிக் கூப்புட்டா நான்தான் ஏன்னு கேக்குறேன்."

"நிக்கிறது தெரியுது தாயி. தடத்தக் காட்டு."

இலஞ்சியம் குழாயடி ஈரத்தில் நடந்து காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஈரம் அப்படியே இருந்தது. அம்மாக்கண்ணுவுக்கே அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னாள், பங்கு காலுக்குத்தான், நாளைக்கு அந்தக் கால் வந்து பங்குச்சேற்றில் பதிந்தால் இலஞ்சியத்துக்கு உண்டு, பதியாவிட்டால் இல்லை. வேதரத்தினம் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். அந்தத் தடம் சுற்றுப்பாதையை விட்டு ஒரு நாளும் வெளியே வந்ததில்லை என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாளைச் சாயங்காலம் செம்மண் ஊர்க்காரர்கள் தட்டு மாற்ற வருகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பங்கு இருந்தால் அவள் யாரையும் நம்பாமல் இந்த ஊரில் கால் ஊன்றலாம். இல்லையென்றால் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் விடிந்து, நீர் வடியத் தொடங்கியதும் அவள் காட்டுக்குப் போனாள். தனக்கோடி டீக் கிளாசோடு நின்றிருந்தான், இப்போதுதான் போகிறது என்று பாதையைக் காட்டினான். முதல் வளைவிலேயே தடத்தைப் பிடித்துவிட்டாள், பிடித்துவிட்டாள் என்றால் கண்ணால் பிடித்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பள்ளம் விழும், அதில் நீர் ஊறும், அடுத்த பள்ளம் விழும். அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது, அவள் நின்றால் அதுவும் கொஞ்சம் போய் நின்றது, அவள் ஓடினால் சேறு தெறித்தது, ஆனால் அவள் காலிலிருந்து இல்லை. ஓடையைத் தாண்டினாள், தில்லை மரக் கூட்டத்துக்குள், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் பால் சொட்டுகிற கிளைகளுக்கடியில் குனிந்து குனிந்து போனாள், முன்னால் போவது தன்னுடைய நடை என்பதும், அந்த நடைக்குத் தன்னைத் திரும்பிப் பார்க்கும் எண்ணமே இல்லை என்பதும் தெரியத் தெரிய அவளுக்கு அழுகை வந்தது. வட்டமான பாதையில் பின்னாலேயே போகிறவள் எந்தக் காலத்திலும் எட்டிப் பிடிக்க மாட்டாள் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

திரும்பினாள். வந்த வழியே, கோபுரத்துக்கு வந்து, அதைத் தாண்டி, மரப்பாலத்தில் ஏறினாள். தனக்கோடி டீயைக் கீழே வைத்தான். அந்தப் பக்கமாகப் போவதற்கு விதியில்லை என்று சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கு இருக்கிறதல்லவா என்று கேட்டுவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

மரப்பாலம் முடிந்த இடத்திலிருந்து காடு அவளுக்குத் தெரியாத காடாகிவிட்டது. தினமும் வந்த வழிதான், ஆனால் எல்லா மரமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வழி தவறாமல் இருக்க மரங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது தனக்கோடிதான், வழக்கமாக வருகிறவர்களின் கண்ணுக்குப் படுகிற பக்கத்தில் மட்டும் அடித்திருந்தான், மறுபக்கமாக யார் வரப்போகிறார்கள் என்று. அவள் ஒவ்வொரு மரத்தையும் தாண்டித் தாண்டித் திரும்பிப் பார்த்து மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. காட்டுக்குள் குழம்பிப்போனால் நாங்கள் எங்கள் தடத்தைப் பார்த்துத்தான் திரும்புவோம். அவளுக்கு அதுவும் இல்லை. நீர் அலசிவிட்டுப் போன சேறு துடைத்த சிலேட்டாகக் கிடந்தது, அதன்மேல் அவள் எவ்வளவு நடந்தும் அது துடைத்தபடியே கிடந்தது. தொலைந்துபோனால் என்னைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு அடையாளம்கூட இருக்காது என்று நினைத்தாள், நினைத்ததும், தேடி வருகிறவர்கள் யார் என்றும் நினைத்தாள். பயந்துபோய்த் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். இலஞ்சியம், இலஞ்சியம் என்று ஒரு பெண் குரல் போவதைக் கொக்குகள் மட்டும் கேட்டன.

கழிமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு சுரபுன்னை மரங்களுக்கு நடுவில், எதிரே ஒரு பள்ளம் விழுந்தது. அடுத்தது விழுந்தது. நேராக அவளைப் பார்த்து வந்து, அவளுடைய விரல் நுனிக்கு முன்னால் தன் விரல் நுனியை வைத்து நின்றது. நின்றதே தவிர, நிற்க முடியாமல் இடதும் வலதுமாகச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். ஏறி உட்கார்ந்த சுண்டுவிரல் அப்படியே இருந்தது. இடது பாதத்தில் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு, சிப்பி கிழித்தது, அது அவள் காலில் இல்லாத வெட்டு. முன்பாதத்தில் முள் ஏறிய குழிகள். யாரோ தனக்காக அடிபட்டு வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி அவளுக்குப் பாவமாக இருந்தது, அதே நேரம், தான் படாத அடியைப் பட்டிருக்கிறதே என்று பொறாமையாகவும் இருந்தது.

"உக்காருன்னாங்க, உக்காந்தேன்," என்றாள். "நீ என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். நானும் வந்திருப்பேன்."

தடம் மிதிப்பதை நிறுத்தியது. அதில் நீர் ஊறித் தெளிந்தது. அது அவளைப் பார்த்து நின்றதால், அதில் நிற்க வேண்டுமென்றால் அவள் வந்த பக்கமாகத் திரும்ப வேண்டும். திரும்பினாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் வலது காலை வைத்தாள், பிறகு இடது காலை வைத்தாள். என் தடத்தில் காலை வையுங்கள் என்று ஊர்பேர் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன்படி நடந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தக் கால் நடந்த நடையெல்லாம் அவள்மேல் ஏறியது. எல்லாச் சுற்றும், எல்லா முள்ளும், மழை நாளின் குளிரும், நீருக்கடியில் நடந்த இருட்டும், சிப்பி கிழித்த வலியும் குதிகாலில் ஆரம்பித்து இடுப்புக்கு வந்து கழுத்துக்கு வந்தது. கத்திக்கொண்டே விழுந்தாள். உள்ளங்கால் பிளந்து ரத்தம் வந்து சேற்றில் கலந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்து அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்பதைப் பிற்பாடு சொல்லும்போதுகூட அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுந்து ஒரு அடி வைத்தாள். பதிந்தது.

கரையில் எங்கள் வேலை முடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் நடந்து எல்லைக்கழியைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து தோணியில் ஏறித் திரும்பிவிட்டோம், அம்மாக்கண்ணு ஒவ்வொரு தடமாகப் பெயர் சொல்லிவிட்டாள். வேதரத்தினம் செருப்பைப் போட்டுக்கொண்டு கரையேறி நின்று, நீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது, முடித்துக்கொள்ளலாமே என்றான். எல்லைக்கழியை நீர் தொடுகிற வரைக்கும் கணக்கு உண்டு என்றாள் அம்மாக்கண்ணு. தொடுவதற்கு ஒரு சாண்தான் இருந்தது. எல்லோரும் ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தோம், வந்தால் அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும் என்று.

அவள் கடல் பக்கத்திலிருந்து வந்தாள். கோபுரத்துக்குத் திரும்பி, ரோட்டைச் சுற்றி வந்தால் நீர் முந்திக்கொள்ளும் என்று மரங்களுக்கிடையில் எல்லைக்கழி தெரிந்த இடத்திலேயே மஞ்சள் பெயின்டை விட்டு, சுற்றுப்பாதையை விட்டு, நேராகச் சேற்றில் இறங்கியிருந்தாள். அந்தத் தடம் முதல் முறையாக வட்டத்தை விட்டு வெளியே வந்தது. எல்லைக்கழியை அவள் தொட்டபோது நீர் அவள் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து கரையைப் பார்த்து நடந்து வந்தாள், நொண்டிக்கொண்டு, சேறு இடுப்புவரை ஏறி, நாங்கள் நடந்ததற்கு நேரெதிராக.

தலைகீழாக வருகிறாளே, இது செல்லுமா என்று வேதரத்தினம் கேட்டான். அம்மாக்கண்ணு சேற்றில் இறங்கி, அவளைத் தாண்டிப் போய், அவள் வந்த வழியில் குனிந்தாள். சுண்டுவிரலைப் பார்த்தாள், புது வெட்டைப் பார்த்தாள், அதில் ஊறிய சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எங்கள் ஊரில் யாரும் செய்யாதபடி, இலஞ்சியத்தின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இலஞ்சியம்தான்," என்றாள். "ஊரப் பாத்து நடந்தா என்ன, கடலப் பாத்து நடந்தா என்ன. கால் வச்சாச்சு."

உடனே எல்லோருக்கும் அவள் கண்ணில் பட்டாள். ஐயோ இலஞ்சியம் காலெல்லாம் ரத்தமாக இருக்கிறதே என்று குழாயடியில் அவளைத் தாண்டிக் குடம் வைத்தவர்களே ஓடிவந்தார்கள். தையல்நாயகி முந்தானையைக் கிழித்துக் கட்ட வந்தாள். இலஞ்சியம் யாரையும் தொடவிடாமல் கரைக்கு ஒரு அடி இருக்கும்போதே நின்றுவிட்டாள், காய்ந்த மண்ணில் ஏறவில்லை. நின்ற இடத்தில் அவளுடைய கால் சேற்றை இடதும் வலதுமாக மிதித்துக்கொண்டே இருந்தது.

வேதரத்தினத்துக்கு மனசு இளகித்தான் போனது. பங்கை இனி அவன் கேட்கப்போவதில்லை. ஆனால் சாயங்காலம் வருகிறவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். சரி, வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசிக்கொள்வோம் என்று கையை நீட்டினான்.

இலஞ்சியம் அந்தக் கையைப் பார்த்தாள். பற்றிக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை அவள் முகத்தில்.

"உக்காந்தா மறுபடியும் போயிடும் அண்ணே," என்றாள். "பேசணும்னா நடந்துக்கிட்டே பேசு."

சொன்னவள் திரும்பி, நீர் ஏறிக்கொண்டிருந்த சேற்றில் காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வேதரத்தினம் கரையில் நின்றான், எங்களைப் பார்த்தான், நாங்கள் வழக்கம்போல அவன் காலைப் பார்த்தோம். அவள் திரும்பிப் பார்க்காமலே, முன்பு வெளியூர்க்காரர்களிடம் சொன்ன குரலில் சொன்னாள்:

"செருப்பக் கழட்டிட்டு வா. என் தடத்துல கால வை. வேற எஞ்சயும் வைக்காதே."

அவன் செருப்பைக் கழற்றினான்.

நீர் வந்து அழிக்கிற வரைக்கும் அந்தத் தடத்தை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். இரண்டு பேர் போன வழியில் ஒரு ஜோடித் தடம்தான் இருந்தது, குதிகால் பட்டும் படாமலும், முன்பாதம் அழுந்தி, சுண்டுவிரல் ஏறி உட்கார்ந்த தடம், அதன் விளிம்பு மட்டும் ஒரு பெரிய கால் உள்ளே புகுந்து நெருக்கியதில் கொஞ்சம் உடைந்திருந்தது.